கேட்பாரில்லாமல் நிற்கும் காரை எடுத்துக்கொள்ளலாமா?

2025 செப்டம்பர் 6, காலை. வந்த கேள்வி:

"திருப்பாலைக்குடி தாண்டி ஒரு கருவைக்காட்டுக்குள் ஸ்விஃப்ட் கார் ஒன்று ரொம்ப நாளாக நிற்கிறது. டயர் நாலும் மண்ணில் புதைந்துவிட்டன, கண்ணாடி எதுவும் உடையவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. 12 வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்தால் எடுத்தவனுக்கே சொந்தம் என்கிறார்கள், 3 வருஷமே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். இழுத்து வந்து சரி செய்து என் பெயருக்கு ஆர்சி எடுக்க வழி இருக்கிறதா?"

செப்டம்பர் 6, இரவு

வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் சொல்லும் வழி இல்லை.

12 வருடம் என்பது நிலத்துக்குச் சொல்லும் கணக்கு. அடுத்தவர் மனையில் வெளிப்படையாக இருந்துகொண்டு அனுபவ பாத்தியம் கோருகிறார்களே, அதை யாரோ காருக்கு மாட்டிவிட்டார்கள். கார் எத்தனை வருடம் கிடந்தாலும் ஆர்சியில் பெயர் உள்ளவருடையதுதான். அவர் இறந்திருந்தால் வாரிசுகளுடையது. கடன் பாக்கி இருந்தால் வங்கிக்கும் அதில் பிடி உண்டு. போலீஸ் வழக்கில் சிக்கியிருந்தால் நீதிமன்றம் சொல்வதுதான் முடிவு. இந்த நாலு பேரில் யார் என்று தெரியாத வரைக்கும் கதவின் மேல் கை வைக்காதீர்கள்.

பூட்டை உடைத்து இழுத்து வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 303ஆம் பிரிவில் அது திருட்டு. "திருடவில்லை, கண்டெடுத்தேன்" என்றால் அதற்கு 314 இருக்கிறது: கண்டெடுத்த பொருளுக்கு உரியவர் யார் என்று நியாயமாகத் தேடாமல் தனதாக்கிக்கொள்வதும் குற்றம்தான். முன்னும் பின்னும் நம்பர் மாட்டிக்கொண்டு நிற்கும் பொருளுக்கு ஆள் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

செப்டம்பர் 7

முதலில் செய்ய வேண்டியதை நேற்று எழுதாமல் விட்டேன். வண்டியைத் தொடாமல் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும். ஆனால் எந்த ஆர்டிஓ, எந்த வருடப் பதிவு, இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது, கடன் குறிப்பு உண்டா என்பது தெரிந்துவிடும். திருட்டுப் போன வண்டியா என்று பார்க்க தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன என்ஓசி (தடையில்லாச் சான்று) சேவை டிஜிட்டல் போலீஸ் தளத்தில் இருக்கிறது. அதற்குச் சேசிஸ் நம்பரும் (வண்டி உடலில் அடித்திருக்கும் எண்) எஞ்சின் நம்பரும் வேண்டும், உங்களிடம் இப்போது அவை இருக்காது, சரி.

அப்புறம் அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பதிந்ததற்கான அத்தாட்சி) வாங்குங்கள். பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தச் சொல்லும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 127ஆம் பிரிவில் சீருடை அணிந்த காவல் அதிகாரிக்கு இருக்கிறது, இழுத்துப் போகும் செலவு உரிமையாளர் தலையில். அந்த அதிகாரம் உங்களுக்கோ எனக்கோ இல்லை.

செப்டம்பர் 11

"ஒரு பழைய காருக்குப் போய் போலீஸ் வரைக்கும் போகணுமா" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நம் ராமநாதபுரம் கரையில் போகத்தான் வேண்டும். சென்னையில் தெருவோரம் தூசி படிந்து நிற்கும் காரும் மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் கருவைக்குள் நிற்கும் காரும் ஒன்றல்ல. இங்கே இலங்கைப் பக்கம் போகிற பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை எல்லாம் கரை வரைக்கும் காரிலும் வேனிலும்தான் வருகின்றன. ரோந்து வெளிச்சம் பட்டதும் ஓட்டி வந்தவர் வண்டியை விட்டுவிட்டு ஓடுவது செய்தித்தாளில் நாம் அடிக்கடி படிப்பதுதான். கடல் அட்டை 2001லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. அதைக் கடத்தப் பயன்பட்டுப் பிடிபட்ட வண்டி 39ஆம் பிரிவின்படி அரசுச் சொத்தாகிவிடும். அப்படி ஒரு வண்டியை நீங்கள் நல்லெண்ணத்தோடு இழுத்து வந்து வீட்டில் நிறுத்தினீர்கள் என்றால், அதில் உங்கள் கைரேகை எப்படி வந்தது என்று நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டும்.

நிற்கிற எல்லா வண்டியும் கடத்தல் வண்டி என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை கடன் கட்ட முடியாமல் ஒளித்து வைத்தவை, எஞ்சின் போய் கிராமத்து உறவினர் தோட்டத்தில் விட்டவை, அண்ணன் தம்பி பாகத் தகராறில் நின்றவை. ஆனால் பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

போலீஸ் எடுத்துப் போன பிறகு என்ன நடக்கும்? உரியவர் தெரிந்தால் நோட்டீஸ் போகும். தெரியாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் தகவல் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503இன்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 457) உரிமை உள்ளவர்கள் 6 மாதத்துக்குள் வரச் சொல்லி அறிவிப்பு வெளியாகும். யாரும் வராவிட்டால் 504இன்படி அரசு வசம் போகும், விற்கலாம். வண்டியைக் கண்டு சொன்னவருக்கு இதில் முன்னுரிமை எதுவும் கிடையாது, ஏலத்துக்கு வந்தால் எல்லோரோடும் சேர்ந்து கேட்க வேண்டியதுதான்.

வழக்கில் பிடித்த வண்டிகளை நிலையத்து வாசலில் போட்டு மக்கவிடக் கூடாது, போட்டோவும் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் உரியவரிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. நம்முடைய வண்டி இப்படி மாட்டியிருந்தால் சுரக்ஷா சன்ஹிதா 497ஆம் பிரிவில் இடைக்காலமாகத் திருப்பிக் கேட்கலாம். இது தெரியாமல் எத்தனையோ பேர் "கேஸ் முடியட்டும்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேஸ் முடியும்போது அங்கே கார் இருக்காது, துருதான் இருக்கும். எனக்கு வயிறெரிகிற விஷயம் இதுதான்.

செப்டம்பர் 14

ஏலத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வண்டிகளை மாவட்டக் காவல்துறை அவ்வப்போது பொது ஏலம் விடுகிறது. நாளிதழில் சின்னதாக அறிவிப்பு வரும், பெரும்பாலும் ஆயுதப்படை மைதானத்தில்தான் நடக்கும். முன்னதாகவே வண்டிகளைப் பார்வையிட நாள் கொடுப்பார்கள். ஆதார் நகலும் முன்பணமும் கட்டி டோக்கன் வாங்கினால்தான் கேட்க முடியும், கிடைக்காதவர்களுக்கு முன்பணம் திரும்பி வந்துவிடும். எடுத்தவர் முழுத் தொகையையும் ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சுங்கத்துறை மாதிரி மத்திய அரசு அலுவலகங்களின் ஏலம் நிறைய எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் தளத்தில் ஆன்லைனிலேயே நடக்கிறது.

ஏலத்தில் எடுத்த வண்டியைப் பெயர் மாற்றப் படிவம் 32. வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் ஆர்டிஓவில் கொடுக்க வேண்டும், கூடவே ஏலம் விட்ட அதிகாரி கையெழுத்திட்ட விற்பனை ஆணை. அந்தத் தாளில் சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளபடியே இருக்கிறதா என்று மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்தம் வாங்க மறுபடி அதே அலுவலகத்துக்கு நடக்க வேண்டும்.

நான் போய் நின்ற ஏலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்த வியாபாரிகள். பைக்குகளைக் கட்டுக்கட்டாக எடுத்துவிடுகிறார்கள். கார்களை நாம் பொறுமையாகக் கேட்டால் கிடைக்கும், ஆனால் சாவி இருக்காது, பேட்டரி இருக்காது, சிலவற்றில் உள்ளே இருக்கையே இருக்காது. பானட்டைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுகிறார்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

செப்டம்பர் 15

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. அறிவிப்பில் "உடைப்பதற்கு மட்டும்" என்று இருந்தால் அந்த வண்டிக்கு ஆர்சி கிடைக்காது. எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இரும்புதான்.

அரசு ஜீப் ஏலத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் வருவாய்த்துறை ஜீப்பை ஏலத்தில் எடுத்துப் பெயின்ட் அடித்து ஓட்டியது இனி நடக்காது.

செப்டம்பர் 21

தனுஷ்கோடியில் மணலில் ஓடிய வேன்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கு முன்னால் அந்த வேன்களை விட்டால் நடைதான். டயர் காற்றைப் பாதி இறக்கிவிட்டு அலை நக்கும் ஈர மணலிலேயே ஓட்டுவார்கள், உப்புத் தண்ணீர் அடியில் சளார் சளார் என்று அடிக்கும். அந்த ஓட்டம் ஓடிய தகரம் எத்தனை நாள் தாங்கும்? எனக்குத் தெரிந்த ஒன்று ராமேஸ்வரத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் கோழி அடைக்கக் கிடக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் எப்போதோ படகு வேலைக்குப் போய்விட்டன. ஆனால் பதிவு இன்னும் ரத்தாகவில்லை, பரிவாகனில் அந்த நம்பர் உயிரோடுதான் இருக்கிறது. இந்த உயிருள்ள நம்பரால் என்ன ஆபத்து என்று பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 2

நான் நிறைய எழுத நினைத்தது வாரிசுகளிடம் வாங்குவதைப் பற்றித்தான், ஏனென்றால் நம் மாவட்டத்தில் உண்மையாகக் காப்பாற்றக்கூடிய வண்டிகள் கருவைக்காட்டில் இல்லை. வீட்டுக் கொட்டகைகளில் இருக்கின்றன. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று போய்ப் பாருங்கள். வீட்டுக்காரர் சம்பாதித்து வாங்கி ஆசையாக ஓட்டியது, அவர் காலமானதும் நிறுத்தியது, பிள்ளைகள் துபாயிலும் மலேசியாவிலும். விற்கவும் மனசில்லை, ஓட்டவும் ஆளில்லை.

2019இல் கீழக்கரையில் ஒரு மாருதி 800 வாங்கினேன், 1997 வண்டி, வெள்ளை. ஓட்டுக் கொட்டகையில் இருந்ததால் மேலே பெயின்ட் மங்காமல் இருந்தது. பானட்டைத் திறந்தோம். சேசிஸ் நம்பர் எஞ்சினுக்குப் பின்னால் தகரச் சுவரில் அடித்திருக்கும், அந்த இடம் பூராவும் பழுப்பு மண் மாதிரி அப்பிக் கிடந்தது. உச்சிப்புளி மெக்கானிக் ஒருவர் என்னோடு வந்திருந்தார், கம்பி பிரஷ் எடுக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். டீசலில் நனைத்த துணியை அதன் மேல் போட்டு ஊற விட்டார். அப்புறம் விரலாலேயே துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். ஓர் எண் மட்டும் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் 8 என்று தெரிந்தது. ஆர்சியோடு ஒத்துப்போனது. கம்பி பிரஷ் போட்டிருந்தால் அந்த 8 போயிருக்கும், அதோடு வண்டியும் போயிருக்கும். நம்பர் அழிந்த வண்டிக்கு ஆர்டிஓ அனுமதி வாங்கித்தான் மறுபடி பஞ்ச் அடிக்க முடியும், நாமாக அடித்தால் அது வேறு குற்றம்.

அந்த வீட்டம்மா முதலில் விலையே சொல்லவில்லை. "தம்பி, அவுங்க ஓட்டுன வண்டி, உடைக்கிறதுக்குன்னா தர மாட்டேன், ஓட்டுறதுக்குன்னா பிள்ளைகள்கிட்ட பேசுங்க" என்றார். மூத்த மகன் துபாயில். போனில் அவர் கேட்ட முதல் கேள்வியே "காக்கா (அண்ணன்), நேம் டிரான்ஸ்ஃபர் ஒழுங்கா பண்ணிருவீங்களா?" என்பதுதான். அந்தக் கேள்வி ரொம்பச் சரி. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு, வண்டியைக் கைமாற்றிவிட்டேன் என்று சொல்வது செல்லாது என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாம் முறையாகப் பெயர் மாற்றுவது விற்பவருக்கும் பாதுகாப்பு. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் தயங்குகிற குடும்பங்களும் இறங்கி வருகின்றன.

வரிசை இப்படிப் போனது. இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் (ஈ-சேவையில் விண்ணப்பம் போடலாம்). வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு மாற்றப் படிவம் 31, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாப் பத்திரம். துபாயில் இருந்தவர் அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரம் கையெழுத்திட்டு அனுப்பினார், அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். 15 வருடம் முடிந்து ஆர்சி காலாவதியாகியிருந்ததால் புதுப்பிக்கப் படிவம் 25 போட்டு, இன்சூரன்ஸ் எடுத்து, பசுமை வரி கட்டி, ஆய்வாளர் முன்னால் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. கடைசியில்தான் என் பெயருக்குப் படிவம் 29, 30. ஓர் இடத்தில் ஒரு தாளுக்காகப் பல தடவை திரும்பி வரச் சொன்னார்கள். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, எழுத்தில் காரணம் கேட்டதும் வேலை நடந்தது.

வண்டி ஓடுகிறது. போன மாதம் கூட தேவிபட்டினம் போய் வந்தேன்.

அக்டோபர் 4

மேலே இருப்பதைப் படித்துவிட்டு உற்சாகமாகக் கிளம்புகிறவர்கள் இதையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் செய்தபோது காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000, காலாவதியாகிக் கிடந்த காலத்துக்கு மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம் தனி. இந்த ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். இதற்கெல்லாம் மேலே பசுமை வரி. அதனால் வண்டிக்கு விலை பேசும் முன்னால் ஆர்சி எப்போது முடிந்தது என்று பாருங்கள். நிறைய வருடம் விட்டிருந்தால் கட்டணமே வண்டி விலையைத் தாண்டும். விலை பேசும்போது இந்தத் தொகையைக் கழித்துக் கேட்பதில் தப்பே இல்லை, அந்தக் குடும்பத்துக்கும் கணக்கை வெளிப்படையாகக் காட்டுங்கள்.

அக்டோபர் 12

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மனு கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்கியிருக்கிறார், போலீஸ் போய்ப் பார்த்திருக்கிறது. நம்பர் பிளேட் ஒரு வண்டியுடையது, சேசிஸ் வேறொரு வண்டியுடையது. வேறு மாவட்டத்தில் திருட்டுப் போனது, இன்சூரன்ஸ் நிறுவனம் உரிமையாளருக்குப் பணமும் கொடுத்துவிட்டது. அவர் கையை வைக்காமல் இருந்தது எவ்வளவு நல்லது.

இழப்பீடு கொடுத்த பிறகு அந்த வண்டியின் மேல் உரிமை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு. நீதிமன்றத்தில் கேட்டு வாங்கி அவர்கள் விற்பார்கள். ஆசை இருந்தால் அந்த விற்பனையில் கேளுங்கள். இன்சூரன்ஸ் விற்பனையில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 மிக்ஜாம் என்று தண்ணீருக்குள் நின்ற கார்கள் நிறைய இப்படிக் கைமாறி தெற்கே வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள், அடிப் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் விட்டுவிடுங்கள்.

அக்டோபர் 19

பரமக்குடியில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்: "வேலை முடித்து வைத்த வண்டிகளை எடுக்க ஆள் வருவதில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. விற்றுக் கூலியை எடுத்துக்கொள்ளலாமா?"

அண்ணே, வைத்துக்கொள்ளலாம், விற்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவின்படி, வேலை செய்ததற்கான கூலி வரும் வரைக்கும் வண்டியைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விற்கிற உரிமை அந்தப் பிரிவில் இல்லை. நகையை அடகு பிடித்தவர் நோட்டீஸ் கொடுத்து விற்கலாம் என்கிற 176ஆம் பிரிவைக் காட்டி உங்களை யாராவது குழப்பினால் கேட்காதீர்கள், அது அடகுக்கு. கண்டெடுத்தவர் சில நிலைமைகளில் விற்கலாம் என்கிற 169ம் உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் கண்டெடுக்கவில்லை, அவராகக் கொண்டுவந்து விட்டார்.

செய்ய வேண்டியது: ஜாப் கார்டில் கையெழுத்து வாங்குங்கள், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு நோட்டீஸ் அனுப்புங்கள், பதில் இல்லாவிட்டால் கூலிக்காக சிவில் வழக்கு. வேலை முடிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும், அதற்குப் பிறகு கூலியும் போய்விடும். தீர்ப்பு வாங்கி அந்த வண்டியை ஜப்தி செய்து நீதிமன்றம் மூலம் ஏலம் விட்டால் வாங்குபவருக்கும் தாள் சுத்தமாக இருக்கும். இத்தனை வேலையா என்று தோன்றும், ஆனால் உரிமையாளரைத் தேடிப் பிடித்து "கூலியைக் கழித்துக்கொண்டு வண்டியை எனக்கே எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள் என்பது என் அனுபவம். அப்படிக் கிடைத்தால் பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் அவர் உங்கள் முன்னாலேயே கையெழுத்துப் போடட்டும்.

அக்டோபர் 20

பைக்குக்கும் இதெல்லாம் பொருந்துமா என்று கேட்டவருக்கு: பொருந்தும். கட்டணம் மட்டும் குறைவு.

நவம்பர் 3

மழை ஆரம்பித்துவிட்டது, துருவைப் பற்றி எழுத இதுதான் நேரம். கடற்காற்றில் வரும் உப்பு தகரத்தின் மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, வெயில் அடித்தாலும் உள்ளே காய்வதில்லை. அதனால் நம் ஊர் வண்டி வெளியிலிருந்து துருப்பிடிப்பதில்லை, உள்ளிருந்து பிடிக்கும். பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். மிதியடியைத் தூக்கித் தரையை விரலால் அழுத்துங்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் மண் அடைத்திருந்தால் கதவுக்குள் தகரம் இருக்காது. ஜாக்கி வைக்கும் இடத்தில் உண்மையாகவே ஜாக்கி வைத்துத் தூக்கிப் பாருங்கள், நறநற என்று சத்தம் வந்தால் இறக்கிவிட்டுக் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். மாருதி 800க்கும் அம்பாசிடருக்கும் அடியில் தனி ஃபிரேம் கிடையாது, பாடியே ஃபிரேம், அது போனால் எல்லாம் போனது. பழைய ஜீப்பில் கீழே தனியாக ஃபிரேம் இருப்பதால் மேல் தகரம் போனாலும் பிழைக்கும்.

நவம்பர் 4

இரவு யோசித்துப் பார்த்தேன். எல்லா வண்டியையும் காப்பாற்றச் சொல்கிற மாதிரி என் குறிப்புகள் இருக்கின்றன. அப்படியில்லை, சில வண்டிகளை மரியாதையாக முடித்து வைப்பதுதான் சரி, ஆனால் அதற்கும் முறை உண்டு. காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்தால் நம்பர் உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். அந்தக் கோழிக்கூண்டு வேன் கதைதான். அந்த பிளேட்டை வேறொரு திருட்டு வண்டியில் மாட்டினால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். திருப்பாலைக்குடி ஸ்விஃப்டில் இருந்த பிளேட் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

2021 வாகன உடைப்பு விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் (வண்டியை ஒப்படைத்ததற்கான சான்று) தருவார்கள், உடைத்த பிறகு உடைப்புச் சான்றிதழ் வரும். புதிய வண்டி வாங்கும்போது வைப்புச் சான்றிதழுக்குச் சலுகை உண்டு. உடைந்துபோய் இனி ஓடவே ஓடாது என்ற வண்டியை மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவின்படி உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். பிளேட்டை நீங்களே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், எடைக்காரரிடம் விடாதீர்கள்.

நவம்பர் 16

கடன் குறிப்பு. "ஆர்சியில் பேங்க் ஆஃப் மதுரா என்று இருக்கிறது, அந்த வங்கியே இப்போது இல்லையே" என்று சாயல்குடியிலிருந்து ஒருவர். அது 2001இல் ஐசிஐசிஐயோடு இணைந்தது, அங்கேதான் போக வேண்டும். லட்சுமி விலாஸ் என்று இருந்தால் 2020இல் டிபிஎஸ்ஸோடு இணைந்தது. கடன் முடிந்ததற்கான கடிதமும் படிவம் 35உம் வாங்கினால் ஆர்டிஓவில் குறிப்பை நீக்குவார்கள். பழைய கணக்கு எண் இல்லாமல் போனால் தேட நாளாகும், குடும்பத்தாரிடம் பாஸ்புக்கோ பழைய ரசீதோ இருக்கிறதா என்று கேட்டு எடுத்துப் போங்கள். கடன் உண்மையிலேயே பாக்கி இருந்தால் விற்கும் பணத்தில் முதலில் அது தீரட்டும். தனியார் ஃபைனான்ஸ் வெறும் வாய்வார்த்தையில் "முடிஞ்சிருச்சு" என்று சொன்னால் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

நவம்பர் 23

இரண்டு கேள்விக்குப் பதில்.

தன் அப்பாவுக்குப் பிறகு வண்டி இப்படி நிற்கக் கூடாது என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். 2021லிருந்து ஆர்சியில் நாமினி பெயர் சேர்க்கலாம். பரிவாகனில் உரிமையாளர் ஆதார் ஓடிபி மூலம் தானே போட்டுக்கொள்ளலாம். அவருக்குப் பிறகு மாற்றுவது அவ்வளவு சுலபமாகிவிடும். அப்பாவிடம் பேசத் தயக்கமாக இருந்தால் வங்கிக் கணக்குக்கு நாமினி போடுவதைப் போலத்தான் இது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

தொண்டியில் தாத்தாவின் 1968 பியட் வைத்திருப்பவருக்கு: 50 வருடம் தாண்டியதால் பழங்கால வண்டிகளுக்கான 2021 விதிகளில் அதைப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் விட முடியாது, கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான். பாடியையும் எஞ்சினையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. உங்கள் சிக்கல், நம்பரைப் போட்டால் கணினியில் எதுவுமே வரவில்லை என்பது. அந்தக் காலத்துப் பதிவுகள் பல இன்னும் ஏறவில்லை. முதலில் பதிவு செய்த ஆர்டிஓவில் பழைய ஆர்சி புத்தகத்தைக் காட்டி பேக்லாக் என்ட்ரி (விடுபட்ட பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) போடச் சொல்லி மனு கொடுங்கள். புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது என்றீர்கள், மிச்சமிருக்கும் பக்கங்களை வெயிலில் காய வைத்து, பிரித்து ஒட்டாமல் அப்படியே கண்ணாடித் தாளில் போட்டு எடுத்துப் போங்கள், பதிவு நாளும் சேசிஸ் நம்பரும் உள்ள பக்கம் இருந்தாலே பதிவேட்டில் தேடிவிடலாம். வரி கட்டிய பழைய ரசீது கிடைத்தால் அதையும் கூடவே வையுங்கள்.